அட்டைச் சீட்டு முதல் கைபேசிச் சீட்டு வரை

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் அன்புக் கட்டளை இட்டபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் சில நாள் மயங்கியிருந்தோம். சென்ற ஆண்டுகளின் மலர்களில் திருக்குறளைப் பற்றியும் கோயிற் சிற்பங்களைப் பற்றியும் கற்றறிந்த அன்பர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வே குமாஸ்தாவாக அமர்ந்த நமக்கு அத்துறைகளிற் புகுவதற்குத் தகுதி இல்லை. ஆனால், டிக்கெட் ஜன்னலின் உட்புறத்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்ததனால், ஒரு சிறு சீட்டின் வரலாற்றைக் கண்கூடாகக் காணும் பேறு நமக்குக் கிடைத்தது. தமிழகத்தை விட்டு நாகபுரிக்கு வந்து வாழும் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஊருக்குப் போவதென்பது முதற்கண் அச்சீட்டைப் பெறுவதே அல்லவா? ஆதலின் அதன் கதையையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

கணிப்பொறியும் கைபேசியும் வியாபாரத்தையே மாற்றிவிட்டன என்று இக்காலத்தில் யாவரும் பேசுகின்றனர். வங்கியையும் ஜவுளிக் கடையையும் அதற்கு எடுத்துக்காட்டுவர். ரயில்வேயை வியாபாரம் என்று நினைப்போர் சிலரே. உண்மையில் அஃது இடம் விற்கும் வியாபாரம். அதன் சரக்கு விசித்திரமானது. விற்காத அரிசி மூட்டை நாளைக்கும் கடையில் கிடக்கும். விற்காத பெர்த்து, வண்டி நகர்ந்த கணமே ஒன்றுமில்லாததாகிவிடும். ஒரே பெர்த்தை இருவருக்கு விற்றுவிட்டாலோ நடு இரவில் சண்டை. விற்ற காசு குமாஸ்தாவின் சட்டைப்பைக்குள் வழி தவறிப் போய்விடவும் கூடாது. இம்மூன்று கவலைகளுக்கும் மருந்து தேடிய கதையே சீட்டின் வரலாறு.

முதல் மருந்தைக் கண்டவர் நம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாவே என்பதைச் சொல்வதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு. இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்தில் 1792-இல் பிறந்த தாமஸ் எட்மன்ட்சன் என்பவர் மரச்சாமான் செய்யும் தொழிலில் இருந்து, அதில் நொடித்துப்போய், 1836-ஆம் ஆண்டளவில் நியூகாஸில்–கார்லைல் ரயில்வேயில் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்நாளில் குதிரைக் கோச்சு வண்டிக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு பிரயாணிக்கும் காகிதத்தில் கையால் எழுதித்தான் சீட்டுக் கொடுத்து வந்தனர். கூட்டம் பெருகியபோது எழுதி மாளவில்லை. எத்தனை எழுதினோம், எவ்வளவு வாங்கினோம் என்பதற்குக் கணக்கும் இல்லை. எட்மன்ட்சன் சிறு அட்டைத் துண்டுகளில் ஊர்ப் பெயரை முன்கூட்டியே அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டார். தேதி குத்துவதற்கு ஒரு சிறு பொறியையும் செய்தார். அட்டையின் நீளம் இரண்டே கால் அங்குலம். நம் அளவில் 57 மில்லிமீட்டர். இம்முறையைக் கையாண்ட ரயில்வேக் கம்பெனிகளிடம் மைல் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் வீதம் அவர் உரிமைப் பணம் பெற்றார். நொடித்த தச்சர் இவ்வாறு செல்வரானார்.

நம் நாட்டில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதற் பிரயாணி வண்டி ஓடிற்று. தென்னகத்தில் 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிற்று. எட்மன்ட்சனின் அட்டையும் இந்நாட்டுக்கு வந்து, நம் பாட்டன்மார், தந்தையர் காலத்தையெல்லாம் கடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நிலைத்திருந்தது. அது பிறந்த பிரிட்டனிலேயே 1990-இல் அதை ஒழித்துவிட்டார்கள். நம் நாட்டுச் சிறு நிலையங்களில் அதற்குப் பின்னும் அது வாழ்ந்தது.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நிலையத்தில் அவ்வட்டைகளை விற்றிருக்கிறோம். அதைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும்; ஏனெனில் இனி அதைச் சொல்வோரும் அருகிவிடுவர். சுவரோரம் ஒரு மர அலமாரி. அதில் ஊருக்கு ஒன்றாக, வகுப்புக்கு ஒன்றாகக் குழல் போன்ற அறைகள். அவற்றை டிக்கெட் டியூப் என்போம். அட்டைகள் எண் வரிசை தவறாமல் அவற்றில் அடுக்கப்பட்டிருக்கும். பிரயாணி ஊர்ப் பெயரைச் சொன்னதும் கை தானாக அந்த அறைக்குப் போகும். அட்டையை உருவித் தேதிப் பொறியில் செருகினால் 'டக்' என்று ஓர் ஓசை. அவ்வோசையைக் கேட்டதும் வெளியே நிற்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றும். வேலை நேரம் முடிந்ததும் ஒவ்வோர் அறையிலும் மேலே நிற்கும் எண்ணைக் குறித்து, தொடங்கிய எண்ணைக் கழித்து, கட்டணத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் இருத்தல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். குறைந்தால் குமாஸ்தா தம் கையிலிருந்து கட்டவேண்டும். நாம் ஒரு முறை நூற்றெண்பது ரூபாய் கட்டியிருக்கிறோம். சில்லறை தவறியதா, அட்டை இரண்டாக ஒட்டிக்கொண்டு போயிற்றா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

வரிசை எண் என்னும் அந்தச் சின்னஞ்சிறு யுக்தியே முழுக் கணக்கையும் காத்தது. இன்று கணிப்பொறி செய்வதும் அடிப்படையில் அதுவே என்பதை நினைக்கும்போது எட்மன்ட்சனுக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இனி ரிசர்வேஷன். அட்டைச் சீட்டு ஊருக்குப் போகும் உரிமையைத் தந்ததே அன்றி உட்காரவோ படுக்கவோ இடம் தரவில்லை. அதற்குத் தனியே பெரிய பேரேடுகள் இருந்தன. வண்டிக்கு ஒன்று, நாளுக்கு ஒரு பக்கம், பெட்டிக்கு ஒரு கட்டம். இன்ன வண்டிக்கு இன்ன ஜன்னல் என்று வகுத்திருந்தபடியால், ஒரு ஜன்னலில் மணிக்கணக்கில் நின்று முன்னே வந்தவரை 'இது ஜி.டி. எக்ஸ்பிரஸுக்கு அன்று, அடுத்த வரிசையில் நில்லுங்கள்' என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. நாகபுரி போன்ற நடுவழி நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்ட கோட்டாவோ மிகச் சிறிது. அது தீர்ந்துவிட்டால், அல்லது திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால், வண்டி புறப்படும் நிலையத்துக்குத் தந்தி அடிக்கவேண்டும். தந்திக்கு மறுமொழி வரலாம், வராமலும் போகலாம். கோடை விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு சென்னைக்குச் சென்றுவிட்டு, திரும்புதற்கு இடம் கிடைத்ததா இல்லையா என்பது தெரியாமலேயே ஒரு மாதத்தைக் கழித்ததாக மூத்த குமாஸ்தாக்களும், நம் காலனிப் பெரியவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு வந்தவர்கள் தகரப் பெட்டியின்மேல் அமர்ந்தே நாகபுரி வந்து சேர்ந்தனராம்.

பேரேட்டில் இன்னொரு குறையும் இருந்தது. அதை எழுதுபவருக்கு மட்டுமே அது தெரியும். இடம் இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும், வெளியே நிற்பவர் அதை நம்பியே தீரவேண்டும். நம் தொழிலைச் சேர்ந்தவர்களில் நேர்மையானவர்களே மிகப் பலர் என்று நாம் அறிவோம். எனினும், கண்ணுக்குத் தெரியாத பேரேடு தரகருக்கு வாசலைத் திறந்து வைத்தது என்பதை மறைத்துப் பயன் இல்லை.

இந்நிலையில்தான் கணிப்பொறி வந்தது. 1978-இல் ஐ.பி.எம். என்னும் அமெரிக்கக் கம்பெனி இந்நாட்டை விட்டு வெளியேறிய பின்னர், அதன் பொறிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. என்னும் அரசாங்க நிறுவனம். அந்நிறுவனமே ரயில்வேக்காக 'இம்ப்ரெஸ்' என்னும் முறையை வகுத்து, 1985-இல் புது டில்லியில் முதன்முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் சிறப்பு, எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் இடம் பெறலாம் என்பது. இன்று குழந்தைக்கும் இயல்பாகத் தோன்றும் இவ்வசதி அன்று பெரும் புரட்சி. அடுத்த ஆண்டே, 1986-இல், ரயில்வே தனக்கென 'கிரிஸ்' என்னும் கணிப்பொறி மையத்தை நிறுவிக்கொண்டது.

கணிப்பொறி வந்தால் வேலை போகும் என்னும் அச்சம் அந்நாளில் பரவலாக இருந்தது. அறுபதுகளில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணிப்பொறி வைக்க முற்பட்டபோதே தொழிலாளர் கடுமையாக எதிர்த்தனர். ரயில்வேயிலும் அதே நடுக்கம் இருந்ததென மூத்தோர் கூறுவர். எழுபது வண்டிகளின் கட்டணத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு பெரியவர், ஐம்பத்தைந்தாம் வயதில் விசைப்பலகையின்முன் ஒற்றை விரலோடு அமர்ந்திருந்த காட்சியை அவரிடம் பயின்ற ஒருவர் நமக்கு விவரித்ததுண்டு. அப்பெரியவர் மூன்று மாதத்தில் தேர்ந்துவிட்டாராம். ஆனால் தம் கட்டண அறிவை யாரும் இனிக் கேட்கமாட்டார்கள் என்னும் வருத்தம் மட்டும் ஓய்வு பெறும் வரையில் அவருக்குத் தீரவில்லையாம்.

டில்லியில் ஒரு பொறி, சென்னையில் ஒரு பொறி என்று தனித்தனியே இருந்ததனால், நாகபுரிக்காரரின் திரும்புபயணத் துன்பம் உடனே தீர்ந்துவிடவில்லை. கிரிஸ் வகுத்த 'கான்ஸர்ட்' என்னும் புதிய முறை 1994-இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-க்குள் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அன்று முதல், இங்கிருந்தபடியே சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கும், அங்கிருந்து திரும்புதற்கும் ஒரே நேரத்தில் சீட்டுப் பெற முடிந்தது. தந்தியின் வேலை அவ்வளவில் முடிந்தது. அத்தந்தியே 2013 ஜூலையில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் நம் காலனி வாயிலில் இருந்த ஒரு கடையைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மஞ்சள் வண்ணப் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கண்ணாடிக் கூண்டு அது. இரவில் கட்டணம் குறைவு என்பதனால், உண்டு முடித்தபின் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று வரிசையில் நிற்போம். உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே 'நலமா, மழையா, சரி வைக்கிறேன்' என்று பேச்சு முடியும். இந்நாட்டின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசப்பட்டபோது, அக்கடைக்காரர் அதைக் கண்டு அஞ்சியதாகத் தெரியவில்லை. அது செல்வர்களின் விளையாட்டு என்றே அனைவரும் எண்ணினர். 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் நிலைமை மாறிற்று. கூண்டில் கூட்டம் குறைந்தது. அவர் முதலில் ஒரு ஜெராக்ஸ் பொறி வாங்கினார். பின்பு கைபேசிக்கு ரீசார்ஜ் கூப்பன் விற்றார். பிறகு ஒரு கணிப்பொறியும் இணைய இணைப்பும் பெற்று, ரயில் சீட்டு எடுத்துத் தரும் ஏஜென்ட் ஆனார். கண்ணாடிக் கூண்டைப் பிரித்து அதன் மரத்தில் ஓர் அலமாரி செய்துகொண்டார். 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் அவர் கடை மேசையில் கட்டம் கட்டமான க்யூ.ஆர். அட்டை நிற்கிறது. பணம் வந்தால் ஒரு சிறு பெட்டி அதை உரக்கச் சொல்கிறது. ஐந்து முறை தொழில் மாற்றியும் இடம் மாறாதவர் அவர். பெரிய கம்பெனிகளின் வரலாற்றை நூலாக எழுதுவோர் இத்தகையவரையும் ஒரு பக்கம் எழுதலாம்.

மீண்டும் ரயில்வேக்கு வருவோம். ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் கழகம் 1999 செப்டம்பரில் தோற்றுவிக்கப்பட்டது. 2002 ஆகஸ்ட் 3-இல் இணைய வழியே சீட்டு விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது பாதி மாற்றமே. பணம் இணையத்தில் செல்லும். சீட்டோ காகிதமாக அச்சிடப்பட்டுக் கூரியர் ஆள் கையில் வீட்டுக்கு வரும். புதுக் கருவி கையில் கிடைத்தும், காகிதத்தை விட மனம் வரவில்லை. 2005-இல் இ-டிக்கெட் வந்தது. பிரயாணியே அதை அச்சடித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு ஏறலாம். 2012 முதல் அக்காகிதமும் வேண்டா, கைபேசியில் வந்த குறுஞ்செய்தியே போதும் என்றனர். எட்மன்ட்சனுக்குப் பின் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீட்டென்றால் கையிற் பிடிக்கும் ஒரு பொருள் என்றிருந்த நிலை அன்றோடு நீங்கியது. சீட்டு என்பது இப்போது எங்கோ ஒரு பொறியில் எழுதப்பட்ட ஒரு வரி. நம் கையில் இருப்பது அதன் நிழல்.

ரிசர்வேஷன் இல்லாத சாதாரணச் சீட்டுக்கும் 2002-இல் டில்லிப் பகுதியில் கணிப்பொறி வந்தது. பின்னர் படிப்படியாக அட்டை மறைந்தது. 2014 டிசம்பரில் மும்பைப் புறநகர் வண்டிகளுக்குக் கைபேசிச் சீட்டும், 2015 ஏப்ரலில் சென்னை எழும்பூர்–தாம்பரம் பாதைக்குக் காகிதமில்லாக் கைபேசிச் சீட்டும் வந்து, 2018 நவம்பரில் நாடெங்கும் பரவியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலையத்துக்குள்ளோ தண்டவாளத்தின் அருகிலோ நின்றுகொண்டு அக்காகிதமில்லாச் சீட்டை எடுக்க முடியாதபடி செய்திருந்தனர். டி.டி.இ. வருவதைக் கண்டபின் கைபேசியைத் தட்டிச் சீட்டு எடுப்பவரைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நின்ற இடத்தைக் கைபேசியே காட்டிக்கொடுத்துவிடும். கருவி புதிதானாலும் பிரயாணியின் சாமர்த்தியம் பழையது என்பதை வகுத்தவர்கள் அறிந்தே இருந்தனர். 2025 ஜூலை 1-இல் இவ்வேலைகள் பலவற்றையும் ஒன்றாக்கி 'ரெயில்ஒன்' என்னும் செயலியை வெளியிட்டனர்.

இன்று ரிசர்வேஷன் சீட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை இணையத்திலேயே விற்பனையாகின்றன. 2025 மே 22-ஆம் நாள் காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின என்று ரயில்வே அறிவித்தது. ஒரு விண்ணப்பத்தை வாங்கி, எழுத்தைப் புரிந்துகொண்டு, பெயரும் வயதும் தட்டி, பணத்தை எண்ணிச் சீட்டைத் தருதற்கு எவ்வளவு விரைந்தாலும் நமக்கு இரண்டு நிமிடம் ஆகும். அவ்வறிவிப்பைப் படித்த அன்று, முப்பத்தோராயிரம் ஜன்னல்கள் ஒன்றாய் வரிசையாக நிற்பதாக நம் மனத்தில் ஒரு தோற்றம் எழுந்தது.

இவ்வளவு சிறப்பும் உண்மை. ஆயினும் ஜன்னலுக்கு உட்புறம் அமர்ந்தவர்கள் கண்ட இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிடின் இக்கட்டுரை விளம்பரமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், வயது அறுபத்தெட்டு கடந்த ஓர் அம்மையார் ஒரு தாளைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார்கள். தமையனார் காலமாகிவிட்டார், காரியத்துக்கு ஊர் போய்ச் சேரவேண்டும். பெங்களூரில் உள்ள மகன் இணையத்தில் எடுத்து அனுப்பிய இ-டிக்கெட் அது. வெயிட்டிங் லிஸ்ட் முப்பத்துச் சொச்சம். பயணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நாம் வேறு அலுவலாக விரைந்துகொண்டிருந்தோம். 'இறங்கிவிடும் அம்மா, சார்ட் வரட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

அது இறங்கவில்லை. பயணத்தன்று அம்மையார் மூட்டையோடு நிலையத்துக்கு வந்து நம் ஜன்னலில் நின்றார்கள்.

"அம்மா, இந்தத் தாள் இனிச் சீட்டு அன்று. இதைக் கொண்டு ஏறினால் சீட்டில்லாப் பயணம் என்று அபராதம் போடுவார்கள். பணம் தங்கள் பிள்ளையின் கணக்குக்கே திரும்பிவிடும்" என்றோம்.

"என்ன தம்பி இப்படிச் சொல்கிறீர்கள்? காசு கட்டி வாங்கிய சீட்டு கையில் இருக்கிறதே! போன முறை ஜன்னலில் வாங்கியதும் வெயிட்டிங் லிஸ்ட்தான். பெட்டி வாசலருகில் உட்கார்ந்தாவது போய்ச் சேர்ந்தேனே!" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் உலக வழக்கு இருந்தது; நாம் சொன்னதில் விதி இருந்தது. ஜன்னலில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் சீட்டு, சார்ட் முடிந்தபின்னும் பொதுப் பெட்டியில் செல்லத் தகுந்த சீட்டே. இணையத்தில் வாங்கியதோ, அதிலுள்ள ஒருவருக்கும் இடம் கிடைக்காவிடின், சார்ட் முடிந்த கணமே தானாக ரத்தாகிவிடும். இரண்டு சீட்டுக்கும் விலை ஒன்று, வண்டி ஒன்று, எண் ஒன்று. வாழ்நாள் மட்டும் வேறு. இவ்வேற்றுமையை இரண்டு நாள் முன்னே நாம் ஒரு நிமிடம் நின்று சொல்லியிருந்தால், மறுநாள் தட்காலில் முயன்றிருக்கலாம். வேறு வண்டியைப் பார்த்திருக்கலாம். பொதுப் பெட்டிக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தோம். பிளாட்பாரத்தில் அப்பெட்டியின் வாசலைக் கண்ட அம்மையார் திரும்பிவிட்டார்கள். தமையனாரின் காரியத்துக்கு அவர்கள் போகவில்லை. அதன்பின் நம்மோடு அவர்கள் பேசாமல் இருந்ததில்லை, அன்போடுதான் பேசுவார்கள். அதுவே நமக்குப் பொறுக்கவில்லை.

2020-ஆம் ஆண்டில் இது நாடளாவிய அனுபவமாயிற்று. மார்ச் மாதத்தில் பிரயாணி வண்டிகள் அனைத்தும் நின்றன. மே 12 முதல் பதினைந்து ஜோடிச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டபோது, அவற்றுக்குச் சீட்டு இணையத்தில் மட்டுமே என்று கட்டளை. ஜன்னல்கள் மூடியிருந்தன. மே 11-ஆம் நாள் மாலை 4 மணிக்குத் தொடங்குவதாக இருந்த பதிவு, நெரிசல் தாங்காமல் 6 மணிக்கே தொடங்கிற்று. கைபேசியும் வங்கிக் கணக்கும் பிள்ளைகளும் உள்ளவர்கள் சீட்டு எடுத்தனர். மற்றவர்கள் மே 22 வரையில் ஜன்னல் திறப்பதற்குக் காத்திருந்தனர். தொற்று நோயைக் கருதி அப்படிச் செய்தது தவறென்று நாம் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத ரயில்வே எப்படி இருக்கும் என்பதை அப்பதினொரு நாளில் கண்டோம்.

பேரேட்டுக் காலத்துத் தரகர் ஒழிந்தாரா என்றும் கேட்கலாம். உருமாறினார் என்பதே விடை. இப்போது அவர் மென்பொருளாக வருகிறார். 2020-இல் 'ரியல் மேங்கோ' என்னும் கள்ள மென்பொருளை ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டுபிடித்து ஒழித்தனர். 2025-இல் ரயில்வே வெளியிட்ட செய்தியின்படி, தட்கால் தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வனவற்றுள் பாதி அளவு மனிதர் அல்ல, பொறிகளே. இரண்டரைக் கோடிப் போலிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலை முதல் இணையத்தில் தட்கால் எடுப்போருக்கு ஆதார் கட்டாயமாயிற்று. முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அட்டைக்கு வரிசை எண் இட்டார் எட்மன்ட்சன். இப்போது வாங்குவோருக்கு எண் கேட்கிறார்கள்.

நாம் பணியாற்றிய ஒரு நிலையத்தில் ஐந்து ஜன்னல்கள் இருந்தன, இன்று இரண்டு. அவ்விரண்டிலும் வந்து நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், முதியவர்கள், கட்டட வேலைக்கு வந்த கூலியாட்கள், கைபேசியில் பணம் கழிந்தும் சீட்டு வராமல் முறையிட வருபவர்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாதவர்களும் அவர்களுள் உண்டு. முன்பெல்லாம் பின்னால் நிற்கும் கூட்டத்தின் கூச்சலில் அவர்களுக்கு எழுதிக்கொடுக்க நேரம் இராது. இப்போது இருக்கிறது. வேலை குறைந்ததனால் விளைந்த நன்மை இஃதொன்று.

பொங்கலுக்கு ஊர் செல்ல எண்ணும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இதை எண்ணும்போது நம்மவர் பலர் ஒரு நாள் பிழை செய்கின்றனர். அறுபது நாள் என்பது வண்டி முதலில் புறப்படும் நிலையத்தின் தேதியைக் கொண்டு எண்ணுவது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் டில்லியில் புறப்பட்டு மறுநாளே நாகபுரிக்கு வருகின்றன. ஆகவே ஜனவரி 12-ஆம் தேதி இங்கே ஏறுவோர்க்கு வண்டியின் தேதி 11. பதிவு தொடங்குவது நவம்பர் 12 காலை 8 மணி. கைபேசியில் எடுக்க இயலாதவர்கள் அன்று ஏழரை மணிக்கே ஜன்னலுக்கு வந்துவிடலாம். படிவத்தை முதல் நாளே நம் வீட்டில் பெற்று நிரப்பிக்கொள்ளலாம். வெயிட்டிங் லிஸ்ட் சீட்டு எதுவாயினும், அதையும் கொண்டுவந்து காட்டலாம்.